இரண்டு தடவை சேவிக்க வேண்டியவை

ஐப்பசி 9, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. எப்போது பெங்களூர் திரும்புவாய் என்று மேனேஜர் மெசேஜ். பதில் போடவில்லை.

சனிக்கிழமை அப்பா மறுபடி கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் உட்காரப் போகிறார், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் தடவை. பாசுரமெல்லாம் மனப்பாடம்தான். தன் ஞாபகத்தின் மேல்தான் நம்பிக்கை போய்விட்டது. "பெரிய எழுத்துல அச்சடிச்சுக் குடும்மா, பார்த்துண்டே சேவிச்சுடறேன்." தடுக்கினால் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அவரைவிட எனக்கு.

சித்தூர் சித்தப்பா டைப் பண்ணி வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பியிருக்கிறார். ஒட்டிப் பார்த்தால் கண்றாவி. ஒரே பாசுரம் மூன்று, நான்கு தடவை.

"கேஸை மூடினியாம்மா?" என்று அப்பா. மூடியாச்சு. ஐந்து நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. கத்திவிட்டேன். சே.

வியாழன்

மழை இல்லை, கரண்டும் இல்லை. வந்ததும் லாப்டாப்பில் ஒரு பாசுரத்துக்கு ஒரு வரி என்று ஆக்கி, uniq கமாண்ட். அடுத்தடுத்த வரிகள் ஒன்றாயிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். தள்ளித் தள்ளி வந்தால் கண்டுகொள்ளாது. sort போட்டால் பாசுரமெல்லாம் அகரவரிசையில் நிற்கும், பெருமாளே எழுந்து போய்விடுவார். தள்ளி இருந்ததைக் கையால் அழித்தேன். uniq எதையெல்லாம் எடுத்தது என்று பார்த்திருக்கலாம். பத்தரைக்கு ஆபீஸ் கால்.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில், "இன்கா பெத்த ஃபான்ட் காவாலா அம்மா?" அவுனு, இன்னும் பெரிசு. அப்பாவுக்கு.

வெள்ளி

வாங்க வேண்டியது: துளசி, அப்பாவின் மாத்திரை, அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு குடை. அப்பா தாளைத் தடவித் தடவிப் பார்க்கிறார். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். மாட்டாராம். தூக்கம் வரவில்லை.

சனி

போச்சு.

சேவித்து முடிக்கும் சாற்றுமுறையில் எல்லோரும் அதே பாசுரத்தை இரண்டாம் தடவை ஆரம்பிக்க, அப்பா மட்டும் அடுத்ததற்குப் போனார். தனிக்குரல். எல்லாரும் திரும்பினார்கள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு மாமி, "பாவம், மறந்துபோயிடுத்து."

வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் மெசேஜைத் திறந்தேன். இரண்டு தடவை சேவிக்க வேண்டியதை, அண்ணா தடுமாறக் கூடாதென்று, இரண்டு தடவை டைப் பண்ணியிருக்கிறார். அத்தனையையும் ஒன்றாக்கினவள் நான். இந்த வழக்கம் தெரியாதவளா? பிறந்ததிலிருந்து கேட்கிறேன்.

அப்பா சட்டையில்லாமல் விசிறிக்கடியில். "ரெண்டு தடவைன்னுதான் தோணித்து. தாள்ல ஒண்ணுதான் இருந்துது. சரி, நம்ம புத்திதான் பிசகிடுத்துன்னு தாளைப் பார்த்துண்டே போயிட்டேன்."

விசிறியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஞாயிறு

மறுபடி மழை. காபி கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "தப்பு தாள்லப்பா. நான் பண்ணினது." திட்டுவார் என்று டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

"அப்போ எனக்கு ஞாபகம் இருந்துதா?"

"இருந்துதுப்பா."

ஒரு வாய் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இருந்துதா?"

"இருந்துதுப்பா."