பக்கத்துச் சைக்கிள்காரி

மார்ச் 4
முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் பயிற்சி மையம் போனேன். நகராத சைக்கிளில் உட்காரவைத்து, "மிதிங்கம்மா, வலிச்சா சொல்லுங்க" என்றான் பயிற்சியாளன். வலித்தது. சொன்னேன். "அப்படித்தாம்மா இருக்கும்" என்றான். பிறகு எதற்குச் சொல்லச் சொன்னான்?

பக்கத்துச் சைக்கிளில் யாரென்று பார்த்தால் – அவள்! முப்பது வருஷத்துக்கு முன் என் புருஷன் யாருக்காக என்னை விட்டுப் போனானோ, அவள். அவனே போய்ச் சேர்ந்துவிட்டான். இவள் இங்கே மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 6
வேறு நேரம் கேட்டேன். இல்லையாம்.

மார்ச் 11
"அக்கா, சீட்டைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க, முட்டி அவ்வளவா மடங்காது" என்றாள். அக்காவாம்! யாருக்கு யார் அக்கா? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஏற்றினேன். வலி குறைந்தது. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 18
வீட்டை விற்கச் சொல்கிறாள் மகள். "தனியா விழுந்து கிடந்தா யாரும்மா பார்ப்பாங்க? என்கூட வந்துடு." அங்கே எனக்கு இஸ்திரிப் பலகை நிற்கும் அறை. நான் என்ன மூட்டையா, ஓரமாகச் சாத்தி வைக்க? கத்திவிட்டேன். அழுதுகொண்டே போனாள்.

மார்ச் 20
மிதிக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அவள் துண்டை நீட்டினாள். போயும் போயும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "என்னை அப்படிக் கூப்பிடக்கூட ஆளில்லக்கா" என்றாள். மறுபடி மிதிக்கத் தொடங்கி, "அவரு கடைசிவரைக்கும் என் சமையலைத் திட்டிட்டே இருந்தாரு. 'அவ கைப்பக்குவம் வருமா'ன்னு."

என் சமையலை வாயில் வைக்க விளங்கவில்லை என்றவன்! இரண்டு பேரும் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் என்மேலேயே ஆத்திரம். மன்னித்துவிட்டேனா என்ன? இல்லவே இல்லை.

ஏப்ரல் 2
அவள் வரவில்லை. எனக்கென்ன?

ஏப்ரல் 4
இன்றும் வரவில்லை. காய்ச்சலாம். பயிற்சியாளன் முகவரி தர மறுத்தான். வெளி ஆளுக்குத் தரக்கூடாதாம். "வெளி ஆளா? அவ என் சக்களத்திடா!" மையமே திரும்பிப் பார்த்தது. கொடுத்துவிட்டான்.

இருட்டறையில் சுருண்டு கிடந்தாள். "ஏங்க்கா, இந்த முட்டிய வச்சுக்கிட்டு மாடி ஏறி வந்தீங்க?"

"வாயை மூடு. மாத்திரை எங்க?"

ஏப்ரல் 29
மகள் வந்தாள். பின்னறையில் இன்னொரு கட்டிலையும் அதில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தாள். "அம்மா, இவங்க... அவங்கதானே? உனக்கென்ன பைத்தியமா?"

இருக்கலாம். இவள் குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. அந்த ஆள் இவளோடு எப்படித்தான் காலந்தள்ளினானோ!

கிளம்பும்போது மகள் வீட்டை விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

டிவி சத்தம் காதைக் கிழிக்கிறது. "அக்கா, சீரியல் ஆரம்பிச்சாச்சு, வாங்க!" குறைக்கச் சொன்னால் கேட்கிற ஜென்மமா? போய் உட்காருகிறேன்.