சாவியாய்ப் போன வயல்

மாப்ளே, இன்று காலை வரப்பில் நின்று ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் கசக்கி ஊதினேன். பாதி பறந்துவிட்டது. பால் பிடிக்காமல் வெறும் உமியாய், சாவியாய்ப் போன நெல். ஏழெட்டு வருடம் ஆகியும் அதைக் கையில் எடுத்தால் உன் நினைவுதான் வருகிறது.

அந்த வருடம் இரண்டாம் போகத்துக்குக் கடைசித் தண்ணீர். நம் சுருளிப்பட்டி வாய்க்காலில் முறை பிரித்து மடை திறக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கடைமடையில் பதினோரு பேரின் பயிர் கருகிக்கொண்டிருந்தது. மேல்மடையில் ஒருவருடைய தண்ணீர் முறையை வெட்டினால் அவ்வளவையும் காப்பாற்றலாம். நீ மனைவியின் ஆபரேஷனுக்காக அல்லிநகரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாய். உன் மடையை அடைத்தேன்.

ஆஸ்பத்திரி நம்பர் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. எஸ்.டி.டி. பூத்தும் கூப்பிடு தூரம்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

நீ ஊர் திரும்பியபோது வயல் வெடித்துக் கிடந்தது. "பதினோரு பேருக்கு ஆச்சுல்ல மாப்ள, விடு," என்றாய். கொஞ்சம் கழித்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா," என்றாய். நாலு வசவு வைதிருந்தாலாவது அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அந்தப் போகம் உன் வீட்டுச் சோற்றுக்கே போதவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மலைமேல் ஏலக்காட்டு வேலைக்கு ஜீப் ஏறினாய். அதன்பிறகு நீ இங்கே நாற்று நடவே இல்லை. போன தை மாதம் மலையிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டாய். உன் சாவுக்கு நான் காரணம் என்று சொல்லமாட்டேன். உன்னை மலை ஏற்றியது நான்தான்.

உன் காரியத்தன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தேற்றினார். "நீ செஞ்சது நியாயந்தேன்யா. ஒருத்தன் பொழப்பா, பதினோரு பேரு பொழப்பாண்டு பாத்தா வேற என்ன செய்ய முடியும்? எல்லாரும் அப்பிடித்தேன் சொல்றாக." நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், வெட்கமில்லாமல்.

உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன். உன் பக்கத்து வயல்காரருக்கும் உன் அளவு நிலம்தான், உன்னுடையதைப் போலவே பால் பிடிக்கும் பயிர். உன்னுடையதற்குப் பதில் அவர் மடையை அடைத்திருக்கலாம். ஆனால் அவர் மம்பட்டியோடு வந்து நிற்பார், ஸ்டேஷன்வரை இழுப்பார். நீ "விடு" என்பாய். பதினோரு பேரை நினைத்துத்தான் மடையை அடைத்தேன். அது உன் மடையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போதும் பொறுப்பு என்னிடம்தான். தண்ணீர் குறைந்து யார் முறையை வெட்டலாம் என்று பார்க்கும்போது, பயிரைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் சாதுவான ஆளைத் தேடுகிறது, மாப்ளே.