மஞ்சளும் சுண்ணாம்பும்

காஜா பேராங், மலாக்கா

சயாமுக்கு ரயில் பாதை போடப் போய், திரும்பி வர ரயில் கிடைக்காத அப்பாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். மரவள்ளிக்கிழங்கே தின்று தின்று எனக்கு வேர்விட்டுவிடும்போல் இருக்கிறது.

நீங்களும் பக்கத்து வீட்டு மாமாவும் ஜப்பான்காரன் லாரியில் ஏறிய நாள் முதல், அம்மாவும் அந்த வீட்டு அன்னம் அத்தையும் வெள்ளிதோறும் மாரியம்மன் கோயிலில் ஒருவர் நெற்றியில் ஒருவர் குங்குமம் வைக்கிறார்கள். ஒரு வாரம் தவறினாலும் உங்கள் உயிருக்கு ஆகாதாம்.

உங்களோடு லாரியில் ஏறிய பொன்னுதுரை அண்ணன் போன வாரம் சயாமிலிருந்து தப்பி வந்தார். அவரைப் பயமுறுத்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அம்மாவிடம் அவர், "அன்னம் அக்கா வீட்டுக்காரரு வாந்திபேதியில போயிட்டாரு. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே பக்குவமா சொல்லுங்க," என்றார்.

பிறகு அத்தை வீட்டுக்குப் போனார். நானும் பின்பக்கமாய்ப் போய்க் காதை வைத்தேன். அங்கும் அதே பேச்சு. பெயர் மட்டும் உங்களுடையது.

இருவருமே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பொட்டு வைத்துக்கொண்டார்கள்.

"ஒன் வீட்டுக்காரரு வந்ததும் என்னடி சமைப்பே?" என்று அத்தை கேட்டார்.

"மொதல்ல கிழங்க ஒளிச்சு வைப்பேன். நீ?"

இருவரும் சிரித்தார்கள். நான்தான் சிரிக்கவில்லை.

கடையில் குங்குமம் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவக்க வைப்பது இப்போது என் வேலை. இருவரும் தனித்தனியே வந்து என் காதில் சொன்னார்கள்: "நெறைய கலக்குடி. பாவம், அவளுக்கு வேணும்."

கலந்துகொண்டிருக்கிறேன், அப்பா.

உங்கள்
வாலில்லாக் குரங்கு