கேட்வே என்னையே வெளிய தள்ளின நாள்

செவ்வாய், படுக்கப் போற நேரம்.

கம்பைநல்லூர் மாங்கூழ் ஃபேக்டரிக்கு மாசச் சந்தா கிளவுட் சேவை வேணாம், பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை ஃபேக்டரி நெட்டுக்கு வாசக்காவலா, அதாவது கேட்வேயா வச்சு நானே பாத்துக்கறேன்னு வீராப்பா சொன்னவ நான்தான். இன்னிக்கு தருமபுரில வூட்டுல இருந்தே, வெளியாள் யாரும் நுழையக்கூடாதுன்னு அதுல ஒரு கட்டளை வரி சேத்தேன். அது மொதல்ல, வெளியில இருந்து நுழைஞ்ச என்னைத்தான் வெளிய தள்ளி கதவச் சாத்துச்சு. திருத்தணும்னா நேர்ல போனாத்தான் உண்டு. பஸ் புடிச்சேன்.

"எங்களுக்கு நெட் நல்லாத்தான் வருதுங்க மேடம், என்னாச்சு?"ன்னார் மேனேஜர்.

"சும்மா பாக்க வந்தேங்க"ன்னுட்டு, அந்த வரிய ரெண்டு நிமிசத்துல திருத்தினேன். அவரு டீ வரவழைச்சு, "நீங்க இருக்கறதால எங்களுக்குக் கவலையே இல்லீங்க"ன்னார்.

எனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பஸ் ஏறுவாங்கன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல.