பெரிய கூடாரம்தான் எடுத்தேன்
குற்றாலம்,
ஜூலை 1981

ராயகிரியில் இருக்கும் ஐயாவுக்கு, மகள் இசக்கி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நீங்கள் சொன்ன சின்னக் கூடாரத்தை வாங்கவில்லை. என் பஜ்ஜிக் கடைக்குப் பெரிய கித்தான் கூடாரமே எடுத்தேன். நேற்றுச் சாரலில், அருவியில் குளித்த கூட்டம் உள்ளே ஒதுங்கி நின்றதே தவிர, ஒருவரும் வாங்கவில்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சி சிரித்தார்.

"ஏட்டி, கடை நடத்துதியா, சத்திரம் நடத்துதியா?"

"நிக்கட்டும் அண்ணாச்சி. எண்ணெய் காயுது."

மிளகாய் பஜ்ஜி வாசனை கிளம்பியதும் எல்லோரும் தட்டை நீட்டினார்கள். சாரல் சாய்ந்தடித்து அண்ணாச்சியின் அடுப்பு அணைந்தது. அவரும் என்னிடமே வந்து நின்றார். அவர் கூடாரம் நீங்கள் சொன்ன அளவுதான்.

என் பழைய போர்வையைத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். ஒருநாள் தங்கிப் போகட்டும்; பேச ஆளில்லை.

கூட்டம் வருகிறது, முடிக்கிறேன். 'நாலு சாரலுக்கே பயந்து ஊருக்கு ஓடி வந்துவிடுவாள்' என்ற சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: சாரலுக்கு ஓடி வருகிறவர்கள் எல்லாம் என் கூடாரத்துக்குத்தான் வருகிறார்கள்.

இசக்கி