வழுக்கும் பாறைகள்

திருக்கழுக்குன்றம்,
14-11-1999

அன்புள்ள உங்களுக்கு வசுமதியின் நமஸ்காரம். இங்கு நான் க்ஷேமம். நீங்கள் க்ஷேமமாக இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

ஜவ்வாது மலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போன ஐந்து மாதத்தில் நான்கு கடிதம் போட்டீர்கள். முதலாவதில் மலையின் உயரம், மழையளவு. அடுத்ததில் சாமை, தேன், கடுக்காய். மூன்றாவதில் பழங்காலத்துக் கல்திட்டைகள். பூகோள வாத்தியார் கடிதம் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்து வைத்தேன். எதிர் வீட்டுக்கு மீன் கொடுத்துவிட்டு நம்மிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் புதுப்பட்டினத்து ஜெகதாம்பாளுக்கும் படித்துக் காட்டினேன். அந்த மலை ஜனங்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள் என்றதும் அவளுக்கு ஒரே நிம்மதி. "அப்ப நம்ம ஜனந்தான். ஆனா இம்மாம் எழுதிக்கீறாரே, சாருக்கு ஒடம்பு எப்டி கீதுன்னு ஒரு வரி இல்லியேம்மா" என்றாள்.

நேற்று உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் மோசஸ், செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்கு வந்தவர், இங்கும் வந்தார். ஓடையைத் தாண்டும்போது நீங்கள் விழுந்து கால் முறிந்ததையும், மூன்று வாரமாகக் கட்டோடு ஒரு மாணவன் வீட்டில் படுத்திருப்பதையும், எனக்குத் தெரியும் என்று நினைத்துக் காபி குடித்தபடியே சொன்னார். போன வாரம் வந்த நான்காவது கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'இப்பகுதிப் பாறைகள் மழைக்காலத்தில் வழுக்கும் தன்மையுடையவை' என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதான்.

அந்த ஊரை நீங்களாகவே கேட்டு வாங்கிய விஷயத்தையும் அவர்தான் சொன்னார். அடிவாரத்தில் குடியிருந்தும் தலை சுற்றும் என்று வேதகிரிமலையில் ஒரு நாளும் ஏறாதவர் நீங்கள். சித்திரையில் என் தம்பி வரதன் கல்யாணத்தில், "இவருக்கு மலை என்றால் வரைபடத்தில் இருக்கிற பழுப்பு நிறம்தான்" என்று சம்பந்திகள் முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மறுவாரமே விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டு, போளூரில் இறங்கி மலை பஸ் பிடிக்கிறேன். ரசப்பொடி, நார்த்தங்காய், தைலம் எல்லாம் கட்டியாகிவிட்டது. உங்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு புடவை. அவர்களுக்கென்று ஜெகதாம்பாள் ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்திருக்கிறாள். போன வருஷமாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். இப்போது ஏழு காகிதம் சுற்றி என் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

என்னை அழைக்க நொண்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வர வேண்டாம். கால் சேரும் வரை எந்த ஓடையையும் நேரில் போய் ஆராய வேண்டாம். வேதகிரீஸ்வரர் துணையிருப்பார். கல்யாணத்தில் நான் சொன்னதைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கடிதத்தில் எழுத எனக்கும் வரவில்லை.

உங்கள்
வசுமதி