யாகப்பர் கொண்டுவந்த வெங்காரம்

ஓலைத்தொடுவாய்
1997 ஆவணி

அன்பு மகன் டொமினிக் அறிவது,

மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம். கனடாக் குளிரில் நீயும் சுகமென்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் கலியாணத் தாலிக்கான பொன்னுருக்கு வியாழக்கிழமை முடிந்தது. மாப்பிள்ளை இல்லாத பொன்னுருக்கு. கதிரையில் உன் படத்தை வைத்துவிட்டு அம்மா அழுதார். புதுப் பவுணுக்கு வழியில்லாமல் அவருடைய உடைந்த தோட்டையும் சங்கிலித் துண்டுகளையும் கொடுத்தோம். பத்தர் ஊதி ஊதிக் களைத்தார். பொன் ஒன்றுசேராமல் அழுக்கேறித் துண்டு துண்டாகவே நின்றது. வெங்காரம் இல்லாமல் பொன் உருகி ஓடாது என்றார். திபெத்து ஏரிக்கரைகளில் உப்பைப்போலப் படிவது அது. ஒருகாலத்தில் செம்மறியாடுகளின் முதுகில் ஏற்றி மலையிறக்கினார்கள். நெருப்பில் உருகிப் பொன்னின் அழுக்கைத் தான் வாங்கிக்கொள்ளும். அத்தனை மலை இறங்கிய சாமான் இன்று ஆமி மறித்துச் சோதிக்கும் ஒரு சென்றியைத் தாண்டமாட்டாது. வெள்ளைத்தூளை வெடிமருந்து என்பார்கள் என்று கடைக்காரர் எவரும் எடுப்பதில்லை. திரேசம்மா பெரியம்மா சும்மா இருப்பாரா, மாப்பிள்ளையும் இல்லை பொன்னும் ஓடேல்லை, இது நல்லதுக்கில்லை எண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் உன் சித்தப்பா யாகப்பர் தாழ்வுபாட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினான். வள்ள இயந்திரங்களுக்குப் பித்தளை ஒட்டு வைக்க அவனிடம் வெங்காரம் இருப்பது எனக்கும் தெரியும், கேட்கத்தான் மனமில்லை. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது நம்மைக் கரையில் நிற்கவிட்டு வள்ளத்தை இந்தியாவுக்கு எடுத்தவனை நான் மறக்கவில்லை. பத்தரிடம் வெங்காரம் இல்லையென்று அறிந்து காலையிலேயே எனக்குத் தெரியாமல் ஆள் அனுப்பியது அம்மா. சென்றியில் ஆமிக்காரன் பொட்டலத்தைப் பிரித்து, தின்றுகாட்டு என்றானாம். இவன் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக் காட்டியிருக்கிறான். வந்து நின்று, உப்புமில்லை சீனியுமில்லை அண்ணை, உங்கட பேச்சு மாதிரி ஒரு காரம் எண்டான். பத்தர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

தூவியதும் வெங்காரம் பொரிந்து கண்ணாடிபோல் உருகியது. அதற்குள் பொன் ஒரே மணியாகத் திரண்டது. ஆறியபின் பத்தர் அந்தக் கண்ணாடியைத் தட்டி உதிர்த்துவிட்டார். அம்மா சாப்பிட இருக்கச் சொன்னார். நான் பத்தரின் கூலியை எண்ணத் தொடங்கினேன். யாகப்பர் தேத்தண்ணியை மட்டும் குடித்து, வாய் கூசுது மச்சாள், பிறகு வாறன் எண்டு போய்விட்டான்.

கனடா வரும் அன்ரோனெற் மாமியிடம் தாலியைக் கொடுத்துவிடுகிறோம். கூதலில் காது மூடாமல் திரியாதே. பூசைக்குப் போ. கலியாண அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே யாகப்பர் பெயரையும் போடு. நான் சொன்னதென்று அவனுக்கு எழுதாதே.

உன்னையும் மருமகளையும் மாதா காப்பாராக.

அப்பா
இன்னாசிமுத்து